100 எம்பிபிஎஸ் லைனில் 2 எம்பிபிஎஸ் மட்டும் போவது ஏன்?

அம்பாசமுத்திரத்தில் வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணாச்சி, நியூஜெர்சியில் ஒரு ஸ்டுடியோவுக்கு கல்யாண வீடியோ எடிட் பண்ணி அனுப்புறேன். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர் லைன். ஸ்பீடு டெஸ்ட்ல முழுசா காட்டுது. ஆனா அவங்க சர்வருக்கு எஸ்எஃப்டிபியில (பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை) 4 ஜிபி கோப்பை அனுப்பினா 2 எம்பிபிஎஸ்க்கு மேல ஏறல, நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுது. அதே கோப்பை கிளவுட் டிரைவ்ல போட்டா மளமளன்னு ஏறுது. ஆனா அந்நேரம் வீடியோ கால் திக்குது. லைன் கொடுத்தவங்க தங்க பக்கம் கோளாறு இல்லைங்கிறாங்க. டிசிபி, யுடிபின்னு காலேஜ்ல படிச்சதெல்லாம் பரீட்சையோட போச்சு. உள்ளே என்னதான் நடக்குது?"

லைன் கொடுத்தவர்கள் சொல்வது உண்மைதான் தம்பி. நீங்கள் சொன்ன மூன்று சங்கதிக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கிறது. உங்கள் கணினியிலும் நியூஜெர்சி சர்வரிலும் உட்கார்ந்துகொண்டு, நடுவிலிருக்கும் பாதையைக் கண்ணால் பார்க்காமலே சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் மென்பொருள் அது. டிரான்ஸ்போர்ட் அடுக்கு என்று படித்திருப்பீர்கள். "டிசிபி நம்பகமானது, யுடிபி வேகமானது" என்ற பரீட்சை வரியை மட்டும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். யுடிபி வேகமானது என்பதே அரைகுறை உண்மை.

முகவரி பார்த்துச் சரக்கை நகர்த்தும், கீழே ஓடும் ஐபி அடுக்கு எந்த உத்தரவாதமும் தராது. உங்கள் 4 ஜிபி கோப்பு சுமார் 27 லட்சம் பாக்கெட்டாக உடைந்து கிளம்புகிறது. ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட். முகவரி போன்ற விவரங்கள் உள்ள தலைப்புகள் (ஹெட்டர்) போக 1460 பைட் சரக்கு. வழியில் இருக்கும் ரவுட்டர் ஒவ்வொன்றும் முகவரியைப் பார்த்து அடுத்த ரவுட்டர் பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. தன்னிடம் இடமில்லை என்றால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும், பெரும்பாலும் யாரிடமும் சொல்லாமலே. பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரலாம், ஒன்றே இரண்டு தடவையும் போகலாம். இதெல்லாம் தெரிந்தே விட்ட குறைகள். நடுவிலிருப்பவை எளிமையாக இருந்தால்தான் வலை பெருகும், புத்தியை இரு முனைகளிலும் வைத்துக்கொள்வோம் என்று இணையத்தை வடிவமைத்தவர்கள் அன்றைக்கு முடிவு செய்தார்கள்.

அந்த முனையில் முதல் வேலை, வந்த பாக்கெட் யாருக்கு என்று பார்ப்பது. தபால்காரர் வாசல் வரைக்கும்தான் வருவார். கூட்டுக் குடும்பத்தில் எந்தக் கடிதம் யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது திண்ணையில் இருக்கும் ஆச்சி. ஐபி முகவரி வீடு என்றால் போர்ட் எண் ஆளின் பெயர். 16 பிட் எண் என்பதால் 65,535 வரை போகும். இணையதளங்களுக்கு 443, தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு 53, உங்கள் எஸ்எஃப்டிபிக்கு 22.

ஆச்சி செய்யும் இந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொண்டால் அதுதான் யுடிபி. 1980இல் ஜான் போஸ்டல் எழுதிய அதன் வரையறை மூன்றே பக்கம். தலைப்பு 8 பைட்: அனுப்பும் போர்ட், பெறும் போர்ட், நீளம், பிழை பார்க்க ஒரு கூட்டுத்தொகை. போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது, மறுபடி அனுப்பாது, வரிசைப்படுத்தாது. பாதை ஒன்றுதான் என்பதால் யுடிபி பாக்கெட்டும் டிசிபி பாக்கெட்டும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. யுடிபி எதற்கும் காத்து நிற்பதில்லை. அதைத்தான் வேகம் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

டிசிபியின் கதை கொஞ்சம் நீளம். 1974இல் விண்ட் செர்ஃபும் பாப் கானும் எழுதிய கட்டுரையில் அது பிறந்தது. அப்போது டிசிபியும் ஐபியும் ஒட்டிப் பிறந்த ஒரே உடம்பு. 1978இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். வலை வழியே குரலை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, தொலைந்துபோன ஒரு பாக்கெட்டுக்காக மற்றதையெல்லாம் நிறுத்தி வைக்கும் அந்த முறை ஒத்துவரவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பேச்சில் ஒரு எழுத்து விழுங்கினால் காது சமாளித்துக்கொள்ளும். அரை நொடி தாமதித்தால் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் வீடியோ கால் பெரும்பாலும் யுடிபியில் ஓடுவதற்கும் அன்றைய காரணம்தான் இன்றைக்கும்.

சரி, டிசிபி செய்வது என்ன? முதலில் மூன்று பாக்கெட்டில் ஒரு அறிமுகம். நான் பேசலாமா, என் எண்ணிக்கை இங்கிருந்து தொடங்குகிறது என்று இந்தப் பக்கம் சொல்லும். பேசலாம், என் எண்ணிக்கை இது என்று அந்தப் பக்கம் சொல்லும். சரி என்று நீங்கள் ஒரு முறை சொல்லிவிட்டால் இணைப்பு தயார். அப்புறம் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு, பாக்கெட்டுக்கு அல்ல. இன்ன பைட் வரை ஒழுங்காக வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு என்று அங்கிருந்து ஒப்புகை வரும். நடுவில் ஒன்று தொலைந்தால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அதே பழைய எண்ணையே ஒப்புகையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே ஒப்புகை கூடுதலாக மூன்று தடவை வந்தால், தொலைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு அதை மட்டும் மறுபடி அனுப்பும். ஒப்புகையே வராவிட்டால் குறிப்பிட்ட நேரம் பார்த்துவிட்டு அனுப்பும்.

உங்கள் பிரச்சினை இந்த ஒப்புகையில்தான் இருக்கிறது. அம்பையிலிருந்து நியூஜெர்சிக்குப் போய் ஒப்புகை திரும்பி வரச் சுமார் 250 மில்லிநொடி, அதாவது கால் நொடி ஆகும். ஃபைபருக்குள் ஒளியே நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. கடலடி கேபிளின் வளைவு நெளிவெல்லாம் சேர்ந்தால் இதை வெகுவாகக் குறைத்துவிட எவராலும் முடியாது. ஒரு பாக்கெட் அனுப்பி, ஒப்புகை வரும்வரை கைகட்டி நின்றால் நொடிக்கு நாலு பாக்கெட்தான் போகும். அதனால் ஒப்புகை வருவதற்குள் இவ்வளவு பைட் வரை அனுப்பிக்கொண்டே இருக்கலாம் என்று ஒரு அளவு வைத்துக்கொள்கிறார்கள். அதுதான் விண்டோ.

நீங்கள் ஆற்றங்கரைக்காரர், வாய்க்காலை நினைத்துக்கொண்டால் போதும். பாபநாசத்தில் தண்ணீர் திறந்த நிமிடத்தில் கடைமடையில் பாயாது. நடுவே வாய்க்கால் நெடுக நிரம்பியாக வேண்டும். கடைமடை வயலில் இடைவிடாமல் பாயவேண்டும் என்றால், எந்த நேரத்திலும் வாய்க்காலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் ஒன்று உண்டல்லவா, அந்த அளவை நீங்கள் திறந்துவிட்டே ஆகவேண்டும். வாய்க்கால் எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒரு குடம் ஊற்றிவிட்டு, வந்து சேர்ந்தது என்று கடைமடைக்காரர் ஆள் விட்டுச் சொன்ன பிறகு அடுத்த குடம் ஊற்றினால் வயல் காய்ந்துபோகும்.

உங்கள் வாய்க்காலின் கொள்ளளவு: 100 எம்பிபிஎஸ்ஸைக் கால் நொடியால் பெருக்கினால் 25 மெகாபிட், சுமார் 3.1 மெகாபைட். எப்போதும் இவ்வளவும் பாதையில் ஓடிக்கொண்டிருந்தால்தான் லைன் நிரம்பும். டிசிபி தலைப்பில் விண்டோவுக்கு 1981 வரையறையிலேயே ஒதுக்கியது 16 பிட்; அதிகபட்சம் 65,535 பைட். கால் நொடிக்கு 65,535 பைட் என்றால் நொடிக்கு 2,62,140 பைட். எட்டால் பெருக்கிப் பாருங்கள்: 2.1 எம்பிபிஎஸ். 4 ஜிபிக்கு நாலேகால் மணி நேரம். நீங்கள் சொன்ன எண்ணேதான். 100 எம்பிபிஎஸ்ஸை 1000 ஆக்கினாலும் இது 2.1ஆகவே நிற்கும்.

ஸ்பீடு டெஸ்ட் ஏன் முழுசாகக் காட்டுகிறது என்றால், அது பக்கத்திலேயே உள்ள சர்வரைப் பிடிக்கிறது. போய் வர 10, 20 மில்லிநொடிதான். போதாததற்கு பல இணைப்பை ஒரே சமயத்தில் திறந்துகொள்கிறது. அது பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

64 கேபி கட்டுப்பாட்டை உடைக்க 1992லேயே வழி சொல்லிவிட்டார்கள். அறிமுகத்தின்போதே, நான் சொல்லும் விண்டோ எண்ணை இத்தனை மடங்காக எடுத்துக்கொள் என்று இரு பக்கமும் சொல்லிக்கொண்டால் 1 ஜிபி வரை போகலாம். இன்றைய எல்லா இயங்குதளமும் இதைச் செய்கிறது. பிறகு ஏன் உங்களுக்கு 64 கேபியில் நிற்கிறது? நான் இரண்டு பேரைச் சந்தேகப்படுவேன். ஒன்று, எஸ்எஃப்டிபி மென்பொருள். அது டிசிபிக்கு மேலே தனக்கென்று இன்னொரு விண்டோ வைத்திருக்கிறது. பழைய மென்பொருள்கள் சிலவற்றில் அந்த உள் விண்டோ 64 கேபியோடு சரி. கீழே டிசிபி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் பயனில்லை. உங்களுக்கு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது ஆள் கொஞ்சம் விஷமம். சில ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) உங்களுக்கு நடந்ததே நடந்தது. மென்பொருளை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், லைன்காரரோடு சண்டை போட்டோம். மூன்று நாள் கழித்து வயர்ஷார்க் (போய்வரும் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) போட்டுப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால், எங்கள் கணினி விண்டோ மடங்கைச் சொல்லி அனுப்புகிறது, எதிர்முனைக்குப் போகும்போது அந்த வரியே இல்லை. நடுவில் பழைய ஃபயர்வால் ஒன்று, தனக்குப் புரியாத வரியை ஆபத்து என்று நினைத்து அழித்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றிய மறுநிமிடம் வேகம் பாய்ந்தது. அந்த மூன்று நாள் டீச்செலவு இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது.

விண்டோவைப் பெரிதாக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பெறுபவர் எவ்வளவு தாங்குவார் என்பது ஒரு எல்லை. நடுப்பாதை எவ்வளவு தாங்கும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை டிசிபி தொடக்கத்தில் யோசிக்கவே இல்லை. 1986 அக்டோபரில் அதற்கு விலை கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். அந்த லைனில் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி அறுந்துவிடவில்லை. நெரிசலில் பாக்கெட் விழ, விழுந்ததை எல்லோரும் மறுபடி அனுப்ப, அதனால் இன்னும் நெரிசல். வலை முழுக்க ஓடியது; ஓடியதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒரு தடவை போன சரக்கு.

அங்கே வேலை பார்த்த வான் ஜேக்கப்சன் 1988இல் சொன்ன தீர்வுதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சிந்தனை. ஒரு ஒப்புகை திரும்பி வந்தால் ஒரு பாக்கெட் வலையைவிட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். அப்படியானால் இன்னொன்றை உள்ளே விடலாம். ஒப்புகை வரும் தாளமே அனுப்பும் தாளம். தனியாகக் கடிகாரம் வேண்டாம். தொடங்கும்போது தாளம் தெரியாதே? அதனால் கொஞ்சமாகத் தொடங்கிச் சுற்றுக்கு இரட்டிப்பாக ஏறு. இப்போது 10 பாக்கெட்டில் தொடங்குகிறார்கள். 10, 20, 40 என்று எட்டுச் சுற்றில் உங்கள் 3.1 மெகாபைட்டைத் தொட்டுவிடலாம், இரண்டு நொடி. பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பாதியாகக் குறை. பிறகு சுற்றுக்கு ஒரு பாக்கெட் அளவில் மெல்ல ஏறு. யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளாமல், முன்பின் தெரியாத கோடிக்கணக்கான கணினிகள் இப்படித் தாமாகவே விட்டுக்கொடுத்து ஓட்டுகின்றன. சட்டம் போட்டு யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை அவ்வப்போது நினைத்துப் பார்ப்பதுண்டு.

இதில் தூரத்தில் இருப்பவருக்கு நட்டம் உண்டு. மெல்ல ஏறுவது சுற்றுக்கு ஒரு படி. உங்கள் சுற்று கால் நொடி. பழைய முறையில் 10,000 பாக்கெட்டுக்கு ஒன்று தொலைந்தால் போதும், 250 மில்லிநொடிப் பாதையில் 6 எம்பிபிஎஸ்ஸைத் தாண்ட முடியாது. அதற்காகத்தான் லினக்ஸ் 2006 முதல் கியூபிக் என்ற முறைக்கு மாறியது. அது சுற்றை எண்ணாமல், போன தடவை நெரிசல் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து ஏறும்.

இனி வீடியோ கால் திக்குவது. டிரைவுக்கு ஏற்றும்போது சர்வர் பக்கத்தில் இருப்பதாலும் விண்டோ தாராளமாக இருப்பதாலும் லைன் நிஜமாகவே நிரம்புகிறது. பாதையின் ஒடுக்கமான இடத்தில்தான் வரிசை நிற்கும். சாயங்காலம் வண்ணாரப்பேட்டைப் பக்கமிருந்து சுலோச்சன முதலியார் பாலத்துக்கு வந்து பாருங்கள், சாலை எவ்வளவு இருந்தாலும் 1843இல் கட்டிய பாலத்தின் வாயில்தான் வண்டிகள் தேங்கும். உங்கள் வீட்டில் அந்தப் பாலம் மோடம். (ஒப்புமை இங்கே கொஞ்சம் உதைக்கும். பாலத்தில் இடமில்லை என்று எந்த வண்டியையும் தாமிரபரணியில் தள்ளிவிடுவதில்லை. மோடம் தள்ளிவிடும்.)

ஆனால் மோடம் உடனே தள்ளிவிடாததுதான் உங்கள் தொல்லை. பாக்கெட் விழக்கூடாது என்று நல்லெண்ணத்தில் உள்ளே பெரிய தாங்கல் (பாக்கெட் காத்து நிற்கும் நினைவகம், பஃபர்) வைத்துவிடுகிறார்கள். பாக்கெட் விழுந்தால்தான் டிசிபிக்கு நெரிசல் என்று உறைக்கும். விழாமல் வரிசை நீண்டுகொண்டே போனால், பாதை காலியாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் அனுப்பும். தாங்கல் 5 மெகாபைட் என்றால் 100 எம்பிபிஎஸ்ஸில் அது வடிய 0.4 நொடி. உங்கள் பேச்சு யுடிபியில் போனாலும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் நல்லது. இங்கே வீட்டு வாசலிலேயே 400 போய்விட்டது. இதற்குத் தாங்கல் வீக்கம் என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் 2012இல் இதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள்: பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார், தொடர்ந்து அதிகமானால் நிரம்பும்வரை காத்திராமல் ஒன்றிரண்டைக் கீழே போடு. டிசிபி உடனே சுதாரித்துக்கொள்ளும். கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, தொலைவதை நம்பாமல் பாதையின் வேகத்தையும் தாமதத்தையும் அளந்து ஓட்டப் பார்க்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலர் ஏமாறும் இடம். டிசிபி ஒப்புகை வந்துவிட்டது என்றால் அந்தப் பக்கத்துக் கணினியின் இயங்குதளத்துக்குச் சரக்கு வந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். அதை அங்குள்ள மென்பொருள் எடுத்ததா, வட்டில் எழுதியதா என்பது டிசிபிக்குத் தெரியாது. டீக்கடையில் போனைக் காட்டி, பணம் அனுப்பிட்டேன் அண்ணாச்சி என்று நீங்களும், வரலியே என்று கடைக்காரரும் நிற்கிறீர்களே, அந்தக் குழப்பத்தை டிசிபியால் தீர்க்க முடியாது. அதற்கு மேலே உள்ள மென்பொருள்தான் தனி ஒப்புகை வாங்கவேண்டும். உங்கள் கோப்பு போய்ச் சேர்ந்ததும் இரு பக்கமும் கோப்பின் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். டிசிபியின் சொந்தக் கூட்டுத்தொகை 16 பிட்தான், சில பிழைகள் அதில் தப்பிவிடலாம்.

புதிதாக வந்திருக்கும் குயிக் என்ற நெறிமுறையையும் தொட்டுவிட வேண்டும். கூகுள் தொடங்கியது, 2021இல் பொது வரையறையானது. நம்பகம், நெரிசல் கட்டுப்பாடு எல்லாம் உண்டு, ஆனால் ஓடுவது யுடிபியின் முதுகில். ஒரே இணைப்புக்குள் பல ஓடைகள் என்பதால் ஒன்றில் பாக்கெட் தொலைந்தால் மற்றவை நிற்காது. டிசிபி இணைப்பை ஐபி முகவரியும் போர்ட்டும் சேர்ந்தே அடையாளம் காட்டுகின்றன. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் முகவரி மாறி இணைப்பு செத்துவிடும். குயிக் தனக்கென்று ஒரு அடையாள எண் வைத்திருப்பதால் பிழைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் அதன் பெரிய புண்ணியம் வேறு: தன் தலைப்பையும் பெரும்பாலும் மறையாக்கம் செய்துவிடுகிறது. நடுவிலிருக்கும் எந்தக் கிழட்டு ஃபயர்வாலும் அதில் வரி அழிக்க முடியாது. புதிய நெறிமுறையை நேரடியாக ஐபி மேல் வைக்காமல் யுடிபியின் முதுகில் ஏற்றியதற்கும் இந்தப் பெட்டிகள்தான் காரணம். டிசிபி, யுடிபி தவிர வேறெதையும் அவற்றில் பல விடுவதில்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியது. நியூஜெர்சி சர்வருக்கு பிங் போட்டு, போய்வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 65,535ஐ அந்த நேரத்தால் (நொடிக் கணக்கில்) வகுத்து எட்டால் பெருக்கினால் உங்கள் இப்போதைய வேகத்தோடு ஒத்துவருகிறதா பாருங்கள். ஒத்துவந்தால் முதலில் எஸ்எஃப்டிபி மென்பொருளை இரு முனையிலும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் கோப்பை எட்டாகப் பிரித்து எட்டு இணைப்பில் ஒன்றாக அனுப்புங்கள். எட்டுக் குடம் ஊற்றுகிற மாதிரி, கொச்சையான வழிதான், ஆனால் 16 எம்பிபிஎஸ் கிடைக்கும். அதிலும் ஏறவில்லை என்றால் வயர்ஷார்க்கில் முதல் இரண்டு பாக்கெட்டில் விண்டோ மடங்கு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நடுவில் பெட்டி எது என்று தேடவேண்டும். வீடியோ காலுக்கு, வரிசையைக் கவனிக்கும் வசதி உள்ள ரவுட்டரை மோடத்துக்கு முன் வைத்து, ஏற்றும் வேகத்தை 90 எம்பிபிஎஸ்ஸாக அமைத்துவிடுங்கள். வரிசை மோடத்தைவிட்டு உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும், அங்கே அது நீளாது. கணக்குப்படி 4 ஜிபிக்கு ஐந்தரை நிமிடம் போதும், ஆனால் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், முடியாவிட்டால் வயர்ஷார்க் பதிவை அனுப்புங்கள்.